என்-52 கேட்பதற்கு முன்: நிரந்தரக் காந்தம் தேர்வு செய்வதில் நடக்கும் தவறுகள்

மோட்டாருக்கு நியோடிமியம் காந்தம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ‘என்-52 இருக்கா?’ என்றுதான். எண் பெரிது, ஆகவே காந்தமும் நல்லது என்று ஒரு கணக்கு. அந்த 52 அறை வெப்பத்தில் அந்தப் பொருளின் உச்ச ஆற்றல் பெருக்கத்தை, அதாவது காந்த வலுவின் அளவை, மட்டுமே சொல்கிறது. சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தில் இருக்கிறது. எழுத்தே இல்லையென்றால் அதிகபட்சம் 80 டிகிரி செல்சியஸ். எம் என்றால் 100, எச் 120, எஸ்எச் 150, யூஎச் 180, இஎச் 200.

மின் ஸ்கூட்டரின் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார், நாலு பக்கமும் மூடியது. மேட்டில் இழுக்கும்போது உள்ளே 100 டிகிரியைத் தாண்டிவிடலாம். அங்கே வெறும் என்-52 வைத்தால், புதிதில் அருமையாக இழுக்கும். பிறகு காந்தம் கொஞ்சம் வலு இழக்கும். அதே இழுவைக்கு அதிகக் கரன்ட் தேவைப்படும், கம்பிச்சுருள் (காயில்) இன்னும் சூடாகும், காந்தம் இன்னும் இழக்கும். வட்டி கட்டக் கடன் வாங்கிய கதைதான். அதே இடத்தில் என்-42 எஸ்எச் போட்டால் காந்தப்புலம் பத்து சதவீதம் போலக் குறையும், ஆனால் நிலைக்கும்.

சூட்டில் வரும் இழப்பு இரண்டு வகை. டிகிரிக்கு சுமார் 0.12 சதவீதம் புலம் குறைவது ஆறினால் திரும்பி வந்துவிடும். காந்த நீக்க எதிர்ப்பு, அதாவது எதிர்ப்புலம் வந்தாலும் வலு இழக்காமல் நிற்கும் திறன், குறைவதுதான் ஆபத்து. அது டிகிரிக்கு சுமார் 0.6 சதவீதம் இறங்குகிறது. 20 டிகிரியில் 12 கிலோ ஓயர்ஸ்டெட் (இந்த எதிர்ப்பை அளக்கும் அலகு) இருந்தால் 80 டிகிரியில் எட்டைக்கூடத் தொடாது. எதிர்ப்புலம் கூடக்கூடக் காந்தம் எவ்வளவு வலு இழக்கிறது என்று காட்டும் வளைவு, ஓரிடத்தில் ‘முழங்கால்’ போல மடிந்து சட்டென்று இறங்கும். அந்த வளைவில் காந்தம் நிற்கும் இடமான வேலைப்புள்ளி அந்த மடிப்புக்குக் கீழே ஒரு முறை போய்விட்டால், மறுபடி காந்தம் ஏற்றாமல் பழைய வலு வராது.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் வெப்ப வரம்பும் எல்லா வடிவத்துக்கும் பொருந்தாது. 10 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வட்டை, தன் புலத்தாலேயே தன்னைப் பலவீனப்படுத்திக்கொள்கிறது. அதே கிரேடில் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள காந்தம் தாங்கும் சூட்டை அது தாங்காது. மோட்டாரில் காயிலின் எதிர்ப்புலமும் சேரும். எனவே உச்ச வெப்பத்துக்கான வளைவை எடுத்து, ரோட்டார் சிக்கி நிற்கும்போது பாயும் கரன்ட்டின் எதிர்ப்புலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்போதும் வேலைப்புள்ளி முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும்.

பயத்தில் எல்லாவற்றுக்கும் யூஎச் எழுதுவதும் தவறுதான். அந்த வெப்பத் தாங்குதிறன் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் என்ற அரிய மண் உலோகங்களைச் சேர்ப்பதால் வருவது. 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்திய வாகன நிறுவனங்கள் காந்தத்துக்குத் திண்டாடின. இடம் தாராளமாக இருக்கும் சீலிங் ஃபேன் போன்றவற்றில் ஃபெரைட்டே (இரும்பு ஆக்சைடால் ஆன பீங்கான் வகைக் காந்தம்) போதும். துருப்பிடிக்காது, விலையும் மலிவு.

ஆனால் ஃபெரைட் குளிருக்குப் பயப்படும். நியோடிமியத்துக்கு நேர்மாறாக, வெப்பம் குறையக் குறைய அதன் காந்த நீக்க எதிர்ப்பு இறங்குகிறது. லடாக்கின் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் முழுக் கரன்ட்டை இழுக்கும்போது அதிலுள்ள ஃபெரைட் காந்தம் அடிபடுவது இதனால்தான். சூட்டில் அதன் புலமும் டிகிரிக்கு 0.2 சதவீதம் குறைவதால், அளவு மாறக்கூடாத சென்சாருக்கு அது சரிவராது.

அதற்கு ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம்) நல்லது: டிகிரிக்கு 0.02 சதவீதம்தான் மாறும், 500 டிகிரியிலும் வேலை செய்யும். ஆனால் நியோடிமியம் வட்டையைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஆல்நிக்கோ வட்டை வைத்தால் ஒன்றும் நடக்காது. அதன் பொதுவான ரகங்களில் காந்த நீக்க எதிர்ப்பு ஒரு கிலோ ஓயர்ஸ்டெட்டுக்கும் குறைவு; விட்டத்தைப் போல நாலைந்து மடங்கு நீளம் வேண்டும். இரும்போடு பொருத்திய பிறகே காந்தம் ஏற்ற வேண்டும். கழற்றி மாட்டினாலே வலு போய்விடும். சமேரியம் கோபால்ட் 300 டிகிரியைத் தாங்கும், முலாமும் பெரும்பாலும் தேவையில்லை. விலை அதிகம், ஓரம் சட்டென்று உதிரும். அடித்து இறுக்கிப் பொருத்தாதீர்கள்.

நியோடிமியத்தின் நிக்கல் முலாம் 10 முதல் 20 மைக்ரான்தான். குழிக்குள் தள்ளும்போது விளிம்பில் விழும் ஒரு கீறல், கடலோர ஈரத்தில் காந்தத்தை உள்ளிருந்தே பொடியாக்கிவிடும். துளை போடவும் கூடாது: காந்தம் விரிசல் விட்டு உடையும், அந்தத் தூள் தீப்பற்றும். 150 டிகிரியில் உலர்த்தும் பசையை 80 டிகிரி காந்தத்தில் பயன்படுத்தினால், வண்டி ஓடுவதற்கு முன்பே காந்தம் போய்விடும்.

ஆர்டரில் கிரேடு பெயரோடு நிறுத்தாமல், உச்ச வெப்பத்தில் குறைந்தபட்சக் காந்த நீக்க எதிர்ப்பு, காந்தமேற்றும் திசை, முலாமின் வகையும் தடிமனும், முலாமோடு சேர்த்த அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். சரக்கு வந்ததும் சில காந்தங்களின் காந்தப் பாயத்தை (அவற்றிலிருந்து வரும் மொத்தக் காந்தப்புல அளவை) ஃப்ளக்ஸ்மீட்டரில் அளந்து, மோட்டாரில் இருப்பது போலவே இரும்பில் பொருத்தி, உச்ச வெப்பத்தில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வையுங்கள். ஆறிய பிறகு கழற்றி மறுபடி அளக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.