ஃபிராங்கன்ஸ்டைன் வாசிக்க ஒரு நோட்டும் பென்சிலும்

மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை முதல் தடவை படித்து முடித்ததும், 'கடவுள் வேலையில் கை வைத்தான், அழிந்தான்' என்று புத்தகத்தை மூடிவிட்டேன். கட்டுரை எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு வரியைத் தாண்டவே முடியவில்லை. மறுபடி படித்தபோது கைகொடுத்த வழி இது.

முதலில் பதிப்பு. மேரி ஷெல்லியின் 1818 பதிப்பையே எடுங்கள். 1831இல் அவரே திருத்தியதில் விதியைப் பற்றிய பேச்சு கூடிவிடுகிறது, பொறுப்பைப் பற்றி யோசிக்க அது இடைஞ்சல் என்பது என் கருத்து.

அடுத்து, நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், தானே ஓர் உயிரைப் படைக்கும் நாயகன் விக்டர் சொல்வது, வலப்பக்கம் அவன் செய்வது. செயலிகளிலும் முயன்றேன், இரண்டும் அருகருகே கண்ணில் படாததால் விட்டுவிட்டேன்.

இனி நான் சறுக்கிய இடம், இங்கே அவசரப்படாதீர்கள். ஏறக்குறைய 2 வருட உழைப்புக்குப் பிறகு, ஒரு நவம்பர் இரவில் அந்த உயிர் மஞ்சள் கண்ணைத் திறக்கிறது. அருவருப்பு, கலைந்த கனவு என்று விக்டர் மனம் உருகிச் சொல்வதில் நானும் கரைந்துபோய், வலப்பக்கத்தில் எழுத வேண்டிய ஒரே சொல்லைத் தவறவிட்டேன்: 'ஓடினான்'. தம்பி வில்லியமைக் கொன்றது அந்த உயிர்தான் என்று அவன் மனதுக்குத் தெரிந்த பிறகும், சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று நீதிமன்றத்தில் வாயைத் திறக்கவில்லை, கொலைப்பழி விழுந்த, குற்றமற்ற வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் தூக்கில் ஏறுகிறாள். படைத்ததைவிட, படைத்ததைக் கைவிட்டதும் மறைத்ததும்தான் கொல்கிறது. அறிவியலே தப்பு என்று நாவல் எங்கும் சொல்லவில்லை.

அப்புறம், கதை தொடங்கட்டும் என்று, வடதுருவம் தேடிப் போகும் வழியில் விக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அவன் கதையைக் கேட்கும் வால்ட்டனின் கடிதங்களைத் தாண்டிப் போகாதீர்கள். கடைசியில் பனியில் சிக்கிய கப்பலைத் திருப்பச் சொல்கிறார்கள் மாலுமிகள். பேராசை வேண்டாம் என்று வால்ட்டனை எச்சரித்த அதே விக்டர், திரும்பாதீர்கள் என்று அவர்களைத் தூண்டுகிறான். வால்ட்டனோ, மனம் கசந்தாலும், திரும்பச் சம்மதிக்கிறான். ஆசை இருவருக்கும் ஒன்றுதான்.

பின்சேர்க்கை: அத்தியாய எண் பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 1818 பதிப்பு 3 தொகுதி, ஒவ்வொன்றிலும் எண் புதிதாகத் தொடங்கும். 1831இன் 5ஆம் அத்தியாயம் இதில் முதல் தொகுதியின் 4ஆவது. இன்னொருவர், ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உயிரின் பெயர்தானே என்று கேட்டார். இல்லை, அது விக்டரின் குடும்பப் பெயர். தான் படைத்ததற்கு அவன் பெயரே வைக்கவில்லை. அதையும் வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.