கமிட் செய்ய மறுத்த புரொசீஜர்: என் அனுபவம்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பழைய பதிவுகளை 10,000 வரிகள் கொண்ட தொகுதிகளாக நீக்கி, ஒவ்வொரு தொகுதிக்குப் பின்பும் கமிட் செய்யும் (அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்கும்) ஒரு ஃபங்ஷனை எழுதியிருந்தேன். முதல் கமிட்டிலேயே ‘இன்வேலிட் டிரான்சாக்ஷன் டெர்மினேஷன்’ என்ற பிழை வந்தது. வினவலுக்குள் இயங்கி மதிப்பைத் தருவதே ஃபங்ஷனின் வேலை என்பதால், தன்னைச் சூழ்ந்துள்ள டிரான்சாக்ஷனை (ஒரே அலகாக நிறைவேறும் கட்டளைகளின் தொகுப்பை) அது முடிக்க இயலாது. 2018-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்பில், தனக்குள்ளேயே கமிட் செய்யக்கூடிய புரொசீஜர் என்ற நிரல்வகை சேர்க்கப்பட்டதே இந்தத் தேவைக்காகத்தான்.

ஆனால் புரொசீஜராக மாற்றி, ‘கால்’ கட்டளையால் அழைத்த பின்பும் அதே பிழை. பைத்தான் நிரலைப் போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் சைகோபிஜி2 நூலகம் தானாகவே டிரான்சாக்ஷனைத் தொடங்கிவிடும் என்பதால், அதைத் தவிர்க்கும் ஆட்டோகமிட் அமைப்பை இயக்கினேன், பயனில்லை. வெவ்வேறு காரணங்களுக்கு ஒரே பிழைச்செய்தி வருவதுதான் என்னை மூன்று நாள் திசைதிருப்பியது.

இறுதியில் புரொசீஜரின் தலைப்புப் பகுதியில், பழைய ஃபங்ஷனிலிருந்து அப்படியே வந்திருந்த ‘செட் சர்ச்_பாத்’ என்ற ஒற்றை வரி கண்ணில் பட்டது. அட்டவணைகளை எந்தெந்த ஸ்கீமாக்களில் (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவுகளில்) தேட வேண்டும் என்று சொல்லும் வரி அது. செட் பகுதி இணைக்கப்பட்ட புரொசீஜருக்குள் கமிட் செய்ய அனுமதி இல்லை. புரொசீஜரை அதன் உரிமையாளரின் அனுமதிகளுடன் இயக்கும் ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ இருந்தாலும் இதே தடைதான். அந்த வரியை நீக்கி, அட்டவணைப் பெயர்களுக்கு முன்னால் ஸ்கீமா பெயரை எழுதியதும் நீக்கம் தொகுதி தொகுதியாக நடந்து முடிந்தது.