புது டென்னிஸ் ராக்கெட்டைக் கோர்ட்டில் சோதித்துப் பார்ப்பது எப்படி? (18,000 ரூபாய் கொடுத்துக் கற்றது)

போன வருடம் ஒரு கடையில் டெமோ ராக்கெட் வாங்கி வந்து இரண்டு நாள் ஆடினேன். பந்து பறந்தது. ஃபோர்ஹேண்ட் ஒவ்வொன்றும் பேஸ்லைனுக்கு அருகில் போய் விழுந்து துள்ளியது. மூன்றாம் நாளே 18,000 ரூபாய் கட்டி அதே மாடலை வாங்கிவிட்டேன். மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது. பந்து பழையபடி சர்வீஸ் லைன் பக்கத்திலேயே சோம்பேறித்தனமாக விழ ஆரம்பித்தது.

எங்கள் கோர்ட்டில் மார்க்கராக (காசு வாங்கிக்கொண்டு நம்மோடு ஆடிக் கொடுப்பவர்) இருக்கும் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் புது ராக்கெட்டைத் தொடவே இல்லை. "பழசு இருக்கா?" என்று கேட்டு வாங்கினார். நடுவில் இருந்த ஒரு ஸ்டிரிங்கை நகத்தால் ஓரமாகத் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே அது நின்றது.

"இதுல எப்ப தம்பி கட்டிங் போட்டது?"

"போன தீபாவளிக்கு முன்னாடிண்ணே."

"அப்ப நீங்க ராக்கெட் வாங்கல. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு கட்டிங் போட்டிருக்கீங்க."

(ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் கட்டுவதைத்தான் இங்கே டென்னிஸ், ஷட்டில் ஆடுகிறவர்கள் கட்டிங் என்கிறோம். அந்தக் காலத்தில் விலங்குகளின் குடலைத் திரித்துக் கட்டியதால், குடலைக் குறிக்கும் 'gut' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். "சாயங்காலம் கட்டிங் போடப் போறேன்" என்று ஃபோனில் சொல்லிப் பாட்டியிடம் மாட்டிக்கொண்டது தனிக்கதை.)

அவர் சொன்னது சரிதான். செத்துப்போன ஸ்டிரிங்கோடு இருந்த பழைய ராக்கெட்டையும், நேற்றுக் கட்டிய ஸ்டிரிங்கோடு வந்த டெமோவையும் ஒப்பிட்டு, ராக்கெட்டை எடை போட்டுவிட்டதாக நினைத்திருக்கிறேன். அதன் பிறகு முறையாகச் சோதித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓரளவு ரேலி ஆட வந்துவிட்டது, அடுத்த ராக்கெட் எது என்று குழம்புகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

படி 1: வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள்

சமையலறைத் தராசு போதும். அட்டையில் 300 கிராம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஸ்டிரிங் இல்லாத எடை. ஸ்டிரிங் 15 முதல் 18 கிராம், கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப் 5 அல்லது 6 கிராம் சேரும். ஒரே மாடலில் இரண்டு ராக்கெட் வாங்கினாலும் சில கிராம் வித்தியாசம் இருக்கும். 305 என்று எழுதியிருந்த என்னுடையது வெறும் ராக்கெட்டாகவே 311 காட்டியது.

அடுத்தது பேலன்ஸ். மர ஸ்கேலை மேசையில் செங்குத்தாகப் பிடித்து அதன் விளிம்பில் ராக்கெட்டைக் கிடத்துங்கள். எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறதோ, அங்கிருந்து கைப்பிடியின் அடி வரை அளந்துகொள்ளுங்கள். சாதாரண ராக்கெட்டின் மொத்த நீளம் 27 அங்குலம், அதாவது 685 மில்லிமீட்டர். அதில் பாதியான 342-க்குக் குறைவாக வந்தால் கைப்பிடிப் பக்கம் கனம், கூடுதலாக வந்தால் தலைப்பக்கம் கனம்.

எடை ஒன்றாக இருந்தாலும் வீசும்போது ஒன்றாக இருக்காது. ஒரு சுத்தியலை மரப்பிடியில் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இரும்புத் தலையைப் பிடித்து ஆட்டுங்கள். அதே சுத்தியல்தான், ஆனால் கைக்கு வேறு. இதைத்தான் ஸ்விங்வெயிட் என்கிறார்கள். பெரியவர்கள் ஆடும் ராக்கெட்டுகள் பலவற்றிலும் இந்த ஸ்விங்வெயிட் எண் (இது கிராம் இல்லை) ஸ்டிரிங்கோடு 310-லிருந்து 335-க்குள் இருக்கும். அந்த எண்ணை வீட்டில் அளக்க முயன்று மெனக்கெடாதீர்கள். கோர்ட்டில் கை சொல்லிவிடும்.

படி 2: இரண்டிலும் ஒரே கட்டிங் (இங்கேதான் நான் விழுந்தேன்)

மற்ற எந்தப் படியைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

நம் மாதிரி ஆட்களுக்கு ஸ்டிரிங் அறுவதே இல்லை, அதுதான் சிக்கல். அறுந்தால் மாற்றுவோம். அறாதவரை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கட்டிய முதல் நாளிலிருந்தே இழுவிசை குறைந்துகொண்டே வரும். பாலியெஸ்டர் ஸ்டிரிங் என்றால் 15, 20 மணி நேர ஆட்டத்தில் அதன் உயிர் போய்விடும். பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

மார்க்கர் அண்ணன் செய்த நகச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங் ஒன்றை அரை சென்டிமீட்டர் ஓரமாகத் தள்ளி விடுங்கள். நல்ல பாலியெஸ்டர் 'டக்'கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். பந்து படும்போது நகர்ந்து, பந்து விலகுவதற்குள் திரும்பி வருகிற இந்தத் துள்ளல்தான் டாப்ஸ்பின்னுக்கு (பந்தை முன்னோக்கிச் சுழல விடுவதற்கு) உதவுகிறது. திரும்பாமல் அங்கேயே நின்றால், குறுக்கு ஸ்டிரிங்கோடு உரசும் இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் விரலால் ஸ்டிரிங்கை நேராக்கிக்கொண்டே நடக்கிறீர்களா? ஸ்டைல் என்று நானும் நினைத்திருந்தேன். (பல மெல்லிய இழைகளைச் சேர்த்த மல்டிஃபிலமென்ட், நைலானில் செய்த சிந்தெடிக் கட் (gut) வகைகள் புதிதாக இருக்கும்போதே நகரும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

ஆகவே ஒப்பிடப் போகும் இரண்டு ராக்கெட்டிலும் ஒரே ஸ்டிரிங், ஒரே இழுவிசை, ஒரே நாளில், ஒரே மெஷினில் கட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒரு ராக்கெட்டுக்கு 900 ரூபாய் ஆனது. 18,000-க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

எந்த ஸ்டிரிங்? என் கட்சி, ஆரம்பத்தில் பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம் என்பது. மல்டிஃபிலமென்ட் 52 பவுண்டு இழுவிசையில் கட்டுங்கள், முழங்கை உங்களை வாழ்த்தும். இறுக்கிக் கட்டினால் பவர் கூடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நேர்மாறு. தளர்வாக இருந்தால்தான் பந்து ஆழமாகப் போகும், இறுக்கினால் அடங்கும்.

டெமோ ராக்கெட்டில் ஸ்டிரிங் மாற்றக் கடைக்காரர் விடமாட்டாரே என்றால், அதில் என்ன கட்டியிருக்கிறது, எத்தனை பவுண்டு என்று கேட்டு, உங்கள் பழையதில் அதையே கட்டிக்கொண்டு வாருங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே புது ராக்கெட் ஆசை போய்விடும்.

படி 3: பந்தும் பிடியும்

புது டப்பா பந்து உடையுங்கள். திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வர வேண்டும். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135-லிருந்து 147 வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் கணக்கு. ஏணி எடுக்க வேண்டாம். சந்தேகமான பந்தையும் புதுப் பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு கைப்பிடியிலும் புது ஓவர்கிரிப், ஒரே வகை. சென்னையில் மே மாதம் காலை ஆறரை மணிக்கே மணிக்கட்டில் வியர்வை சொட்டும். அதற்கு டூர்னா கிரிப்பைத்தான் சொல்வேன், ஈரமானால் இன்னும் பிடிக்கும். ஒட்டும் தன்மை வேண்டுமென்றால் யோனெக்ஸ் சூப்பர் கிராப். வழுக்கும் கிரிப்போடு ஆடிவிட்டு ராக்கெட் முறுக்குகிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

படி 4: மாற்றி மாற்றி ஆடுங்கள்

முதல் கால் மணி நேரம் இரண்டும் அல்லாத மூன்றாவது ராக்கெட்டில் உடம்பைச் சூடாக்குங்கள். நண்பருடையதை இரவல் வாங்கலாம். பிறகு இருபது இருபது பந்தாக இந்த வரிசையில் போங்கள். பழையது, புதியது, புதியது, பழையது.

ஏன் இந்த வரிசை? அரை மணி பழையது, அடுத்த அரை மணி புதியது என்று ஆடினால் இரண்டாவதற்குச் சலுகை கிடைக்கிறது, ஏனென்றால் அதற்குள் கை சூடாகி டைமிங் வந்திருக்கும். அதோடு நம் கை எந்த ராக்கெட்டுக்கும் இருபது நிமிடத்தில் பழகிக்கொள்ளும். பழகும் முன்பே வித்தியாசத்தைப் பிடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் பிராண்ட் பெயரையும் கலரையும் மறைத்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் பளபள கறுப்புப் பெயின்ட் என் கண்ணுக்கே பத்து சதவீத பவர் கொடுத்திருந்தது.

படி 5: எண்ணுங்கள்

"ஃபீல் நல்லா இருக்கு" என்பது கணக்கில் வராது. சர்வீஸ் லைனுக்கும் பேஸ்லைனுக்கும் இடையே 5.48 மீட்டர் இருக்கிறது. நடுவில், பேஸ்லைனிலிருந்து ஏறக்குறைய 2.75 மீட்டரில், சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எதிரில் நிற்பவரை ஒரே வேகத்தில் பந்து போடச் சொல்லுங்கள். மார்க்கருக்கு ஒரு மணி நேரக் காசு கொடுத்துவிடுவது மேல், நண்பர்கள் பத்தாவது பந்தில் பாயிண்ட் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் நாற்பது ஃபோர்ஹேண்ட். என் நோட்டில் இப்படி வந்தது. புது கட்டிங் போட்ட பழைய ராக்கெட்டில் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஆழமாக 19, குட்டையாக 12, வெளியே 5, நெட்டில் 4. புதியதில் ஆழமாக 17, குட்டையாக 15, வெளியே 3, நெட்டில் 5. அதாவது அந்த மாயாஜால ஃபோர்ஹேண்ட் வெறும் ஸ்டிரிங்தான். நாற்பது பந்தில் இரண்டு மூன்று வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு பத்து வித்தியாசம் வந்தால்தான் விஷயம்.

ஸ்பின் பார்க்க, பந்து முதல் முறை குத்திய பிறகு எதிரில் இருப்பவர் எந்த உயரத்தில் அடிக்கிறார் என்று அவரையே கேளுங்கள், இடுப்பா, தோளா என்று. நாம் நம் ஸ்பின்னைப் பார்க்க முடியாது.

படி 6: வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ரிட்டர்னும்

ராக்கெட்டின் உண்மையான குணம் ரேலியில் தெரியாது. ரேலியில் நமக்கு நேரம் இருக்கிறது, நடுவில் அடித்துவிடுகிறோம். நெட் அருகே போய், உடம்பை நோக்கி வேகமாகப் பந்து போடச் சொல்லுங்கள். ஓரத்தில் பட்டபோது கைப்பிடி உள்ளங்கையில் திரும்புகிறதா? திரும்பினால் அந்த ராக்கெட் உங்களுக்கு இலேசு.

எங்கே படுகிறது என்று சந்தேகமாக இருந்தால் பந்தில் கொஞ்சம் கேரம் பவுடர் தடவி அடியுங்கள். ஸ்டிரிங்கில் வெள்ளை வட்டம் விழும். பத்துப் பந்தோடு நிறுத்தி ஸ்டிரிங்கைத் துடைத்துவிடுங்கள், வழுக்கும். எனக்கு வட்டங்கள் எல்லாம் நடுவுக்கும் மேலே, நுனிப் பக்கமாக விழுந்தன. இது ராக்கெட்டின் தவறு இல்லை, நான் தாமதமாகப் போவது. 98 சதுர அங்குலத் தலையை எடுத்த எனக்குக் கொஞ்சம் பெரிய 100 பொருத்தமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், வேகமான சர்வை ரிட்டர்ன் செய்வதில் புதியது தெளிவாக ஜெயித்தது. கொஞ்சம் கனம் கூடுதல், பந்தின் வேகத்துக்கு அசையவில்லை.

படி 7: களைத்த பிறகு சர்வ்

ஆரம்பத்தில் இருபது சர்வ், ஒன்றரை மணி நேரம் கழித்து இருபது சர்வ். காலையில் எல்லா ராக்கெட்டும் இலேசுதான். கடைசி இருபதில் புதியது எனக்கு ஏழு தடவை நெட்டில் போனது, தோள் மேலே எழவில்லை. கனமான ராக்கெட்டை இரண்டாவது செட்டின் முடிவில் விலை பேசுங்கள்.

மறுநாள் காலை முழங்கையின் வெளிப்பக்க எலும்பை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த சொம்பை உள்ளங்கை கீழே பார்க்கும்படி தூக்கும்போது அங்கே சுருக்கென்றால், விறைப்பான ஃபிரேமும் விறைப்பான ஸ்டிரிங்கும் சேர்ந்துவிட்டன என்று சந்தேகப்படுங்கள். அந்த ராக்கெட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் வேண்டாம்.

இதெல்லாம் ஒரே நாளில் தீர்மானமாகாது. மூன்று தடவையாவது ஆடுங்கள், அதில் ஒன்று ஸ்கோர் வைத்த செட்டாக இருக்கட்டும். ரோஜர் ஃபெடரர் 2013 கோடையில் 90 சதுர அங்குலத்திலிருந்து 98-க்கு மாறி, ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டு தொடர்களில் ஆடித் தோற்று, பழையதற்கே திரும்பிப் போனார். 2014-இல் 97-ஓடு மறுபடி வந்தார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றது அந்த அளவில்தான். அவருக்கே அவ்வளவு நாள் எடுத்தது, நான் இரண்டே நாளில் முடிவெடுத்தேன்.

பின்சேர்க்கை 1: ஆள் கிடைக்கவில்லை, சுவரில் அடித்துப் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதிர்வு, கனம் இரண்டுக்கு மட்டும் சுவர் உதவும். ஆழமும் ஸ்பின்னும் சுவரில் தெரியாது.

பின்சேர்க்கை 2: டேம்பனர் (ஸ்டிரிங்குக்கு நடுவே செருகும் சின்ன ரப்பர் துண்டு) போட்டால் முழங்கை வலி குறையுமா என்று ஒருவர் கேட்டார். அது ஸ்டிரிங்கின் 'டொய்ங்' சத்தத்தை அடக்கும், ஃபிரேமில் வரும் அதிர்ச்சியை அல்ல. சத்தம் மாறினால் மனதுக்கு ராக்கெட்டே மாறியது போலத் தோன்றும், ஆகவே சோதனையின்போது இரண்டிலும் போடுங்கள் அல்லது இரண்டிலும் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: இதை நான் யோசிக்கவே இல்லை. டெமோ ராக்கெட் எல் 2 பிடி, தன்னுடையது எல் 3 (கைப்பிடித் தடிமனின் அளவு எண்கள்), எப்படி ஒப்பிடுவது என்று ஒரு வாசகர் மடக்கிவிட்டார். மெல்லிய பிடியில் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றுங்கள், ஏறக்குறைய அரை அளவு கூடும். கைப்பிடியில் 5 கிராம் ஏறுவதால் பேலன்ஸ் நகரும், மறுபடி ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அந்தப் புது ராக்கெட் இப்போது என் தங்கையிடம் இருக்கிறது. நான் நெட்டில் அடித்த சர்வையெல்லாம் அதே ராக்கெட்டில் உள்ளே போடுகிறாள். கட்டிங் மாற்றி நாலு மாதம் ஆகிறது, சொன்னால் கேட்பதில்லை.