வேலை செய்யும் இடத்து முறைகேடு: பெயர் வெளியே வராமல் புகார் கொடுப்பது எப்படி?

புகார் கொடுப்பவர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கடிதம் தபாலில் சேரும் முன்புதான். ஆபீஸ் பிரிண்டர், ஆபீஸ் வாட்ஸ்அப், "உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு. முதலில் இந்த மூன்றையும் விடுங்கள்.

படி 1: யாரிடம் போவது?

உருக்காலை, ரயில்வே, அரசு வங்கி என மத்திய அரசு சார்ந்த இடத்தில் ஊழல் என்றால், தில்லியில் உள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். தாலுகா ஆபீஸ் போன்ற மாநில அரசு அலுவலகம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. சேகோ ஆலை, காபி எஸ்டேட் போன்ற தனியார் இடங்கள் இரண்டிலும் வராது. ஆனால் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால், 2013 கம்பெனிகள் சட்டப்படி ஊழியர் புகாருக்குத் தனி ஏற்பாடு இருந்தாக வேண்டும். பாலியல் தொந்தரவுக்கு வழியே வேறு: உள்ளகப் புகார்க் குழு, 3 மாதத்துக்குள்.

மத்திய ஆணையத்துக்கு எழுதும் முறையைப் பார்ப்போம்.

படி 2: கடிதம்

"எடைமேடைச் சீட்டைப் பற்றி நான் மேனேஜரிடம் கேட்டபோது" என்று எழுதினால் கதை முடிந்தது. கேட்டது யார் என்று மேனேஜருக்குத் தெரியுமே! "இந்தத் தேதிச் சீட்டில் உள்ள எடையும் கேட் ரிஜிஸ்டரில் உள்ள எடையும் ஒத்துப்போகவில்லை" என்று எழுதுங்கள். பேசுவது காகிதமாக இருக்கட்டும், நீங்களாக வேண்டாம். அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திறந்து ஆதாரம் எடுக்காதீர்கள்.

படி 3: உறை

மொட்டைக் கடிதம் செல்லாது, ஈமெயிலும் செல்லாது. பெயரும் முகவரியும் கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும். நன்றாக ஒட்டிய உறைமேல் PIDPI (பி.ஐ.டி.பி.ஐ: பொதுநலனுக்காகத் தகவல் தருபவரின் பெயரைக் காக்கும் ஏற்பாட்டின் சுருக்கப் பெயர்) என்று ஆங்கில எழுத்தில் எழுதி, ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்புங்கள். உறைமேல் உங்கள் பெயர் கூடாது. இந்தக் கடிதங்களுக்கு அனுப்புநர் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று தபால் துறையே சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஏற்காட்டில் இருப்பவர் மலையிறங்கி சேலம் தலைமைத் தபால் நிலையத்தில் போடுவது நல்லது. சின்ன ஊரில் கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் கையெழுத்தே தெரிந்திருக்கும்.

வேறு யாருக்கும் நகல் அனுப்பாதீர்கள். பதில் ரசீது வராது. எழுதியது நீங்கள்தானா என்று கேட்டு ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தால் உடனே பதில் போடுங்கள்.

படி 4: பழிவாங்கினால்?

புகார் கொடுப்பவரைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை. நெடுஞ்சாலை ஊழலை எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கொல்லப்பட்ட பிறகு, 2004-இல் வந்த பி.ஐ.டி.பி.ஐ அரசுத் தீர்மானம்தான் இப்போதைக்குக் கைகொடுக்கிறது. மெமோவோ இடமாற்றமோ வந்தால், அதன் நகலோடு அதே ஆணையத்துக்கு எழுதி நிவாரணம் கேட்கலாம்.