பழைய நாணயம் வைத்திருக்கிறீர்களா? விலை போடும்போது சறுக்கும் இடங்கள்

"வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா? பத்து லட்சம்!" இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு உண்டியலைக் கவிழ்த்துத் தேடியவர்கள் ஏராளம். 2012இல் வெளிவந்த அந்த நாணயம் புழக்கத்துக்கென்றே பெருமளவில் அச்சடிக்கப்பட்டது. சில்லறையோடு சில்லறையாகக் கைக்கு வந்த காசுக்கு யார் லட்சம் தருவார்கள்? விளம்பரத் தளங்களில் போட்டிருக்கும் தொகை விற்பவரின் ஆசை, அவ்வளவுதான். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஏலத்தில் கடைசியாக எவ்வளவுக்குப் போனது, நாணயக் கண்காட்சியில் வியாபாரி எவ்வளவுக்கு எடுக்கிறார் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வயதை வைத்து விலை சொல்வதும் தப்புக் கணக்கு. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது நிறையக் கிடைத்திருப்பதால், சாதாரண நிலையில் உள்ள காசு சில நூறு ரூபாய்க்கே கைமாறுகிறது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் உருவங்களோடு '1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா' என்று ஒன்று சுற்றுகிறதே, அது நாணயமே இல்லை. கம்பெனி அப்படி எதையும் வெளியிட்டதில்லை. 'மந்திர சக்தி உள்ளது, அரிசியை இழுக்கும்' என்று சொல்லி அதையும் விற்கிறார்கள்!

அடுத்தது உலோகம். ராஜா தலை போட்ட ரூபாய் எல்லாமே சுத்த வெள்ளி என்று நினைக்கிறார்கள். விக்டோரியா காலத்து ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 92 சதவீதம் வெள்ளி. 1940இலிருந்து வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. 1947ஆம் ஆண்டு ரூபாயில், அதாவது பின்பக்கம் புலி நிற்கும் நாணயத்தில், வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. அதனால் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் ஆண்டையும் பார்க்க வேண்டும். விக்டோரியா ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் போலி. புலி ரூபாய் ஒட்டினால்தான் அசல்.

இதையெல்லாம்விட அதிக நஷ்டம் வருவது சமையலறையில். புளி, விபூதி, பல்பொடி என்று கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார்கள். வெள்ளியின் மேல் பல வருஷமாகப் படிந்த சாம்பல் நிறத்தைத்தான் சேகரிப்பவர் விரும்புகிறார். தேய்த்த காசை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் பரப்பு முழுக்க மெல்லிய கோடுகள் ஓடும். அதைப் பார்த்ததும் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். பாட்டியின் சங்கிலியில் கோத்திருந்த காசுக்கும் இதே கதி. சங்கிலியில் கோக்க வைத்த வளையத்தை, அதாவது காதை, கழற்றிவிட்டாலும் விளிம்பில், ராஜாவின் கிரீடத்துக்கு நேர் மேலே, பற்றவைத்த தடமும் அரம் போட்டு ராவியதில் அழிந்த விளிம்பு வரிகளும் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு அப்புறம் வெள்ளி எடைக்கு என்ன உண்டோ, ஏறக்குறைய அதுதான். தூசி இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அதுவே என் கணக்கில் அதிகம்.

எம்.ஜி.ஆர்., கலைஞர் நூற்றாண்டுகளுக்கு வந்த 100 ரூபாய் நாணயங்கள் வேறு ரகம். 35 கிராம் எடை, பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இவை புழக்கத்துக்கு வருவதில்லை. நாணய ஆலை முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்கிறது. வாங்கிய விலை கட்டாயம் ஏறும் என்று நினைத்து நான்கைந்தாக வாங்கி அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அரிதாகும்? ஒன்று வாங்கினால் ஆலை தந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

விற்கும் நேரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. "உங்கள் காசுக்கு மூன்று லட்சம், வரியும் கமிஷனும் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று போன் வரும், ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதமும் வரும். இப்படி வாங்க, விற்க யாரையும் நியமிக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. உண்மையிலேயே வாங்க வருபவர் உங்களுக்குத்தான் பணம் தருவார்.