ஏற்றுமதிச் சரக்கை ரயில் வழியாகத் துறைமுகத்துக்கு அனுப்புவது எப்படி?

பெங்களூரை அடுத்த ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலில் சரக்கு அனுப்ப நினைக்கும் ஏற்றுமதியாளர் முதலில் விசாரிக்க வேண்டியது ரயில் கட்டணத்தை அன்று. தம் கப்பலுக்குரிய கன்டெய்னர்களைத் துறைமுகம் எந்த நாள், எத்தனை மணி வரை உள்ளே விடும் என்பதையே. அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் மற்ற எல்லா நாள்களையும் குறிக்க வேண்டும்.

லாரி ஒரு கன்டெய்னர் பெட்டி ஏறியதும் புறப்பட்டுவிடும். ரயில் அப்படியன்று. வழக்கமான கன்டெய்னர் ரயிலில் 45 வேகன்கள் இருக்கும். ஒரு வேகனில் இரண்டு 20 அடிப் பெட்டிகள் என்ற கணக்கில் 90 பெட்டிகள் ஏறும். ஆகவே, ரயில் குறித்த நாளில் புறப்படுமா, அல்லது பெட்டிகள் சேரும்வரை காத்திருக்குமா என்பதை முனையத்தில் கேட்டறிந்து, ஓரிரு நாள்களைக் கூடுதலாகவே ஒதுக்குங்கள். சுமார் 350 கிலோமீட்டர் என்பது ரயிலுக்குக் குறைந்த தூரம். தொழிற்சாலையிலிருந்து முனையம் வரையிலான லாரி வாடகையையும் இரு முனைகளிலும் ஏற்றி இறக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அவசரமான இலகுச் சரக்குக்குச் சாலையே ஏற்றதாக இருக்கலாம். கிரானைட் போன்ற கனமான சரக்கு, ஒரே சமயத்தில் பல பெட்டிகள் என்றால் கணக்கு ரயிலின் பக்கம் சாயும்.

பெட்டியை நிரப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேகன்களை இணைக்கும்போதும் பிரேக் போடும்போதும் அதிர்வு நீளவாக்கில் வருவதால், முன்சுவருக்கும் கதவுக்கும் அருகே இடைவெளி விடாமல் மரச்சட்டங்களால் முட்டுக் கொடுக்க வேண்டும். கிரானைட் கட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல் மர உத்தரங்களின் மேல் வைத்தால் எடை பரவும். எடை ஒரு பக்கமாகச் சாயவும் கூடாது. 20 அடிப் பெட்டியின் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 30.48 டன். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குமான வரம்பு அதன் கதவிலேயே எழுதப்பட்டிருக்கும், அதையே நம்புங்கள். நிரப்பிய பெட்டியின் சரிபார்க்கப்பட்ட எடையைக் கப்பல் நிறுவனத்திடம் தெரிவிப்பது 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். பெட்டியை முழுதாக எடை போடலாம். அல்லது சரக்கு, அதைக் கட்டவும் முட்டுக் கொடுக்கவும் பயன்படுத்திய பொருள்கள், வெற்றுப் பெட்டி ஆகியவற்றின் எடைகளைக் கூட்டலாம்.

சுங்கப் பணிகளை முனையத்திலேயே முடித்துவிட முடிவது இம்முறையின் பெரிய வசதி. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்கு பற்றிச் சுங்கத்துறைக்குத் தரும் அறிவிப்பு) தாக்கலாகி, ஏற்றுமதி அனுமதி கிடைத்த பெட்டி, கதவில் இட்ட முத்திரை சேதப்படாமல் இருந்தால், துறைமுகத்தில் பொதுவாக மீண்டும் திறக்கப்படுவதில்லை. ஆவணத்தில் உள்ள முத்திரை எண்ணும் கதவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே நேரில் பார்த்துவிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பெட்டி முடங்கக்கூடும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, லாரி, ரயில், கப்பல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பேசினால், சேதம் நேரும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 1993ஆம் ஆண்டின் பலவகைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒரு நிறுவனத்திடம் முழுப் பயணத்துக்கும் ஒரே ஆவணம் பெற்றால், பொறுப்பு அந்நிறுவனத்துடையதாகும். ரயில் தாமதமாகிக் கப்பல் தவறினால் துறைமுக வாடகையை யார் ஏற்பது என்பதையும் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.