பலகையில் வங்கிச் சின்னம் கண்டால் விடக்கூடாத பிழைகள்

திருகோணமலையில் எங்காவது வீதி கிண்டத் தொடங்கினால் ஓரத்தில் ஒரு பெரிய பலகை முளைக்கும், அதில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் சின்னமோ உலக வங்கியின் சின்னமோ இருக்கும், எங்கள் ஆட்கள் "வெளிநாட்டுக்காரன் சும்மா தாறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சும்மா இல்லை. பெரும்பாலும் கடன், அதுவும் டொலர்க் கணக்கில். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பத்து லட்சம் டொலர்க் கடன் 20 கோடியிலிருந்து 36 கோடியானது, வீதி ஒரு அடிகூட நீளவில்லை. அந்த ஏப்ரலில் அரசு மற்ற வெளிநாட்டுக் கடன்களுக்குக் கைவிரித்தபோதும் இந்த இரண்டு வங்கிகளுக்கும் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

சரி, கடன் எடுத்தாயிற்று. இனி நாங்கள் கோட்டைவிடுகிற இடம் கூட்டம்.

ஒரு வடிகால் வேலைக்கு 'மக்கள் கருத்து' கேட்கிறோம் என்று கூப்பிட்டார்கள், போனேன். ரோல்ஸ், தேத்தண்ணி, திரையில் முழுக்க ஆங்கிலம். வாசலிலேயே தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அக்கா தன்னுடைய மதில் உடைபடுமா என்று கேட்கத்தான் வந்தவ. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது, கேட்காமலே எழும்பிப் போய்விட்டா. அறிக்கைக் கணக்கில் அவவிடமும் கருத்துக் கேட்டாயிற்று. அதனால் கேள்வியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், கொடுத்துவிட்டு ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கட்டி முடிந்தபின் பம்பின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்றும் கேளுங்கள், அதை ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது "காணி உறுதி இல்லை, எங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது" என்று ஒதுங்கி நிற்பது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கைப்படி உறுதி இல்லாதவருக்கும் கொட்டில், கடை, மரம் போன்றவற்றுக்கு நட்டஈடு உண்டு, நிலத்துக்குத்தான் இல்லை. (2024 இறுதியில் புதிய சட்டகம் ஒன்றை அங்கீகரித்திருக்கிறார்கள், உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆனால் ஒரு கடைசித் திகதி குறிப்பார்கள், அதற்கு முன்பே அந்த இடத்தில் இருந்தவராக இருக்கவேண்டும். கணக்கெடுப்பு நடக்கிற அன்று கடையைப் பூட்டிவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போனால் பெயர் விடுபடும். திகதி தாண்டியபின் அவசரமாகத் தகரம் அடித்தாலும் பலனில்லை.

அப்புறம், முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்து வாசலோடு நிறுத்திவிடுவது. முதலில் திட்ட அலுவலகம், பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டப் பகுதி, அங்கேயும் தீராவிட்டால் மணிலாவிலுள்ள தலைமையகத்தில் அந்த வங்கிக்கென்றே முறைப்பாட்டுப் பொறிமுறை இருக்கிறது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும், கடன் கணக்கு மூடி இரண்டு வருடம் வரை அனுப்பலாம். சட்டத்தரணி பிடித்து ஆங்கிலத்தில் அடிக்கத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம்.